தொய்வு இருந்த நான் சுழியோடக் கற்கலாமா?

திருகோணமலை நகரை அண்டி வசிக்கும் இருபத்தாறு வயது வாசகி ஒருவர் எனக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவர் அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறார். சிறு வயதிலிருந்தே உப்புவெளிக் கடலில் நீந்திப் பழகியவர். கடந்த வருடம் நண்பர்களுடன் நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவுக்குச் சென்று, ஸ்நோர்கல் குழாயை வாயில் வைத்துக்கொண்டு பவளப்பாறைகளுக்கு மேலே மிதந்து பார்த்த நாள் முதல், முதுகில் சிலிண்டரைச் சுமந்து சுவாசித்தபடி இறங்கும் ஸ்கூபா முறையில் சுழியோடக் கற்க வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. இந்த மாத இறுதி ஞாயிற்றுக்கிழமை நிலாவெளியில் ஒரு நாள் அறிமுகச் சுழியோட்டத்துக்கு நண்பர் ஒருவர் ஒழுங்கு செய்திருக்கிறார். மறுநாள் காலை உறவினர் திருமணத்துக்காகச் சென்னைக்கு விமானம் ஏற வேண்டும். முழுமையான பயிற்சியை டிசம்பர் விடுமுறையில் இங்கேயே செய்யலாம் என்று எண்ணியிருக்கிறார்.

ஆனால் சிறு வயதில் அவருக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருந்தது. பதினான்கு வயதுவரை ஒழுங்காக இன்ஹேலர் பாவித்திருக்கிறார். இப்போது கடும் தடிமன் பிடித்தாலோ பழைய கோப்புகளின் தூசி பட்டாலோ மாத்திரம் நெஞ்சு இறுகும். கடைசியாக இன்ஹேலர் தேவைப்பட்டது ஏறத்தாழ ஒன்றரை வருடங்களுக்கு முன்னர். நண்பர் அறிமுகப்படுத்திய பயிற்சியாளரிடம் இதைச் சொன்னபோது, “ஐந்தாறு மீற்றர்தான் இறங்கப் போகிறீர்கள், அதற்கெல்லாம் வைத்தியர் தேவையில்லை, மருத்துவப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று போட்டுவிடுங்கள்” என்று பதில் வந்திருக்கிறது. இரண்டு மீற்றர் முக்குளித்தாலே காதில் குத்துவதாகவும் எழுதியிருக்கிறார்.

வீட்டில் அம்மா அடியோடு மறுக்கிறார். அதற்குக் காரணம் வாசகியின் தாய்மாமன். அவர் சிலிண்டருடன் சங்கு குளித்தவர். ஒருநாள் மாலை கடைசி இறக்கம் முடிந்து வள்ளத்தில் ஏறிய பின் இரண்டு கால்களும் மரத்துப்போயின. கடல் குளிர் நரம்பில் ஏறிவிட்டது என்று நம்பி வீட்டார் எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள்; வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றது மூன்றாம் நாள். இன்று அவர் ஊன்றுகோலுடன் நடக்கிறார். “நான் நன்றாக நீந்துவேன், ஒட்சிசன் சிலிண்டரும் முதுகில் இருக்கும், அப்படியிருக்க எனக்கு ஏன் மாமாவின் கதி வர வேண்டும்? அல்லது சிலிண்டரே இல்லாமல் மூச்சடக்கிச் சுழியோடினால் ஆபத்துக் குறைவா?” என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் சுழியோடக் கற்பதை நான் தடுக்கப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களை மாத்திரம் வைத்துப் பார்த்தால், உரிய பரிசோதனைகளுக்குப் பின்னர் உங்களுக்கு அனுமதி கிடைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆயினும் இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இறங்கக்கூடாது. அந்தப் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதவே கூடாது. இவ்விரண்டையும் நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்குவதற்கு, முதலில் உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு சிறு பிழையைத் திருத்த வேண்டியிருக்கிறது.

முதுகில் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் என்று நம்மில் பெரும்பாலானோர் நினைக்கிறோம். சாதாரணப் பொழுதுபோக்குச் சுழியோட்டத்தில் அதில் அடைக்கப்படுவது நாம் இப்போது சுவாசிக்கும் அதே காற்றுத்தான்; ஏறத்தாழ 21 வீதம் ஒட்சிசன், மீதியில் மிகப் பெரும்பகுதி நைதரசன். தூய ஒட்சிசனை ஏறத்தாழ 6 மீற்றருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே நஞ்சாகி, நீருக்குள் வலிப்பை உண்டாக்கக்கூடும். 1943 இல் பிரான்சில் ஜாக் கூஸ்டோவும் எமில் காக்னானும் உருவாக்கிய கருவியின் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. சுழியோடி எந்த ஆழத்தில் இருக்கிறாரோ அந்த ஆழத்தின் அமுக்கத்துக்குச் சமமான அமுக்கத்தில், அவர் மூச்சை இழுக்கும்போது மாத்திரம், அது காற்றைக் கொடுக்கும். கடல் மட்டத்தில் நம்மைச் சூழ்ந்திருப்பது ஒரு வளிமண்டல அமுக்கம். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் இன்னொன்று அதனுடன் சேர்கிறது. எனவே 10 மீற்றரில் உங்கள் நுரையீரலை நிரப்பும் காற்று மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரு மடங்கு செறிவானது. அந்தக் காற்றை உள்ளே அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரு மடங்காக விரிய முயலும், நுரையீரலோ அந்த அளவுக்கு இடம் கொடுக்காது. இந்த விளையாட்டின் முதலாவது விதி, ஒருபோதும் மூச்சை அடக்கக்கூடாது என்பதாக இருப்பது இதனால்தான்.

நன்றாக நீந்துபவர் என்பது உங்களுக்குப் பெரும் துணை. ஆரம்பப் பயிற்சிக்கே 200 மீற்றர் நிற்காமல் நீந்தவும் பத்து நிமிடம் மிதந்துகொண்டிருக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நீச்சல்காரருக்கு நீருக்குள் தலை போனதும் மூச்சை அடக்குவதும், ஏதாவது தடுமாறினால் சட்டென்று மேலே பாய்வதும் உடலில் ஊறிய பழக்கங்கள். ஸ்கூபாவில் அவ்விரண்டையும் முயன்று மறக்க வேண்டும். நீந்தத் தெரியாதவருக்குத் தண்ணீரைக் கற்பிக்க வேண்டியிருப்பதுபோல், உங்களுக்கு மூச்சை விடக் கற்பிக்க வேண்டியிருக்கும். அதற்கு நீச்சல் தடாகத்திலோ இடுப்பளவு நீரிலோ பொறுமையாகச் செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

தொய்வும் ஆழம் குறைந்த கடலும்

“ஐந்தாறு மீற்றர்தானே” என்று உங்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது, ஏனெனில் தொய்வைப் பொறுத்தவரை அது தலைகீழான ஆறுதல். 30 மீற்றரிலிருந்து 20 மீற்றருக்கு ஏறும்போது காற்று மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. 10 மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போதோ அது இரட்டிப்பாகிறது. மேற்பரப்பை நெருங்க நெருங்க மாற்றம் கூடுகிறது. நுரையீரல் நிறையக் காற்றுடன் மூச்சை அடக்கி ஒரு மீற்றர் சொச்சம் ஏறியதாலேயே நுரையீரல் கிழிந்த சம்பவங்கள் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன. கிழிந்த இடத்தால் இரத்தத்துக்குள் புகும் காற்றுக்குமிழி மூளைக்குச் சென்றால், மேலே வந்த சில நிமிடங்களுக்குள் பாரிசவாதம் போன்ற நிலையோ மயக்கமோ ஏற்படலாம்.

தொய்வு உள்ளவரின் சிறு சுவாசக் குழாய்கள் சுருங்கும்போது, அவர் மூச்சை அடக்காமல் ஒழுங்காக விட்டுக்கொண்டிருந்தாலும், சுருங்கிய குழாய்க்கு அப்பால் காற்று சிறைப்பட்டு நிற்கக்கூடும். மேலே ஏறும்போது விரியும் அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் போவதுதான் நாம் அஞ்சுவது. சிலிண்டரின் காற்று ஈரமற்றது, குளிர்ந்தது, ஆழத்தில் அடர்த்தியானது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போது மூச்சு வாங்கும். வாய்த்துண்டின் ஓரமாக உப்புநீர்த் துளிகளும் உள்ளே போகும். இவை ஒவ்வொன்றும் தொய்வைத் தூண்டக்கூடியவை. அறிமுகச் சுழியோட்டத்தில் இவற்றோடு முதல் நாளின் பதற்றமும் சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவும் எழுதியது உங்களைப் பயமுறுத்துவதற்காக என்று எண்ண வேண்டாம். முன்னர் தொய்வு என்ற சொல்லைக் கேட்டாலே சுழியோடத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இன்று அப்படியில்லை. நோய் நன்கு கட்டுப்பாட்டில் உள்ள ஒருவரை, அவரது தொய்வு எதனால் தூண்டப்படுகிறது என்பதை ஆராய்ந்து, பரிசோதித்து அனுமதிக்கலாம் என்பதே பல நாடுகளில் இப்போது பின்பற்றப்படும் வழிமுறை. குளிர்காற்றாலோ கடும் உடற்பயிற்சியாலோ மனப்பதற்றத்தாலோ நெஞ்சு இறுகுபவர் சுழியோடக்கூடாது. உங்களுக்குத் தூசியும் தடிமனும்தான் காரணம் என்றால் அது நல்ல செய்தி. ஆனால் ஓடும்போதோ படியேறும்போதோ இளைப்பு வருகிறதா என்பதை உங்களையே நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள், ஏனெனில் பலர் அதைக் களைப்பு என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

உங்களுக்குத் தேவையான பரிசோதனைகள் சிக்கலானவையல்ல. பொது வைத்திய நிபுணர் ஒருவரையோ மார்பு நோய்ச் சிகிச்சைப் பிரிவையோ நாடி, ஸ்பைரோமெட்ரி எனப்படும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையைச் செய்யுங்கள். பின்னர் சில நிமிடங்கள் வேகமாக ஓடவிட்டு மீண்டும் ஊதச் சொல்வார்கள். ஓட்டத்துக்குப் பின் அளவு குறிப்பிடத்தக்க வகையில் விழுந்தால் அனுமதி கிடைக்காது, விழாவிட்டால் பாதை திறக்கிறது. முன்னெப்போதாவது நுரையீரலில் காற்றுக்கசிவு தானாக ஏற்பட்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், அது சுழியோட்டத்துக்கு முழுத்தடை. அனுமதி கிடைத்த பின்னரும் ஒரு விதி தொடரும்: இறங்குவதற்கு முந்தைய 48 மணித்தியாலத்துக்குள் இளைப்புக்காக இன்ஹேலர் தேவைப்பட்டிருந்தால் அன்று இறங்கக்கூடாது. காலையில் நெஞ்சு இறுகியது, இரண்டு தடவை அடித்துச் சரியாகிவிட்டது, ஆகவே போகலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

அந்தப் படிவம் உங்களைத் தடுப்பதற்காக வைக்கப்பட்டது என்ற எண்ணத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். ‘ஆம்’ என்று எழுதினால் வைத்தியர் ஒருவரின் பரிசோதனையும் ஒப்பமும் தேவைப்படும், அவ்வளவுதான். ‘இல்லை’ என்று எழுதினால், நீருக்குள் உங்களுடன் இறங்கும் பயிற்சியாளருக்கும், விபத்து நேர்ந்தால் உங்களைப் பொறுப்பேற்கும் வைத்தியருக்கும் உண்மை தெரியாமல் போகும்; பொய்யான வாக்குமூலத்தைக் காட்டிக் காப்புறுதி நிறுவனமும் கைவிரிக்கலாம். மாணவியிடம் பொய் எழுதச் சொல்லும் ஒருவர் சிலிண்டரின் பராமரிப்பிலும் கடல் நிலையைக் கணிப்பதிலும் எவ்வளவு நேர்மையாக இருப்பார் என்று நான் உங்களிடம் கேட்கிறேன். வேறொரு பயிற்சியாளரைத் தேடுங்கள். ‘பாடி’, ‘எஸ்.எஸ்.ஐ.’ போன்ற சர்வதேச அமைப்புகளின் செல்லுபடியாகும் பயிற்றுநர் அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

காது

இரண்டு மீற்றரில் காது குத்துவது பெரும்பாலும் நோயல்ல. நடுக்காதில் உள்ள காற்று அமுக்கத்தால் சுருங்கும்போது செவிப்பறை உள்நோக்கி இழுபடுகிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குச் செல்லும் குழாயைத் திறந்து காற்றை அனுப்பினால் அது சமப்படும். மூக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாக ஊதும் முறை பலருக்கும் தெரியும்; வலி வருவதற்கு முன்னரே, இறங்கும் ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு தடவையாவது அதைச் செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வலித்த பின் பலமாக ஊதினால் குழாய் மேலும் இறுகுவதுடன் உட்காதும் பாதிக்கப்படலாம். சமப்படவில்லையென்றால் சிறிது மேலே வந்து மீண்டும் முயலுங்கள், அப்போதும் முடியவில்லையென்றால் அன்றைய இறக்கத்தை விட்டுவிடுங்கள். தடிமனுடன் மூக்கடைப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்குவதை நான் ஏற்பதில்லை. மாத்திரையின் வேகம் நீருக்குள் இருக்கும்போதே தணிந்தால், ஏறும்போது காற்று வெளியேற முடியாமல் சிக்கிவிடும். காதில் அடைப்பான் வைத்துக்கொண்டும் இறங்கக்கூடாது. பரிசோதனைக்குச் செல்லும்போது செவிப்பறையில் பழைய துளை ஏதும் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமாவுக்கு நடந்தது

நேரில் பார்க்காத ஒருவரின் நோயைக் கடிதம் வழியாக முடிவு செய்ய முடியாது என்றாலும், நீங்கள் விவரித்திருப்பது அமுக்கத்தணிவு நோயின் வரலாற்றை அப்படியே ஒத்திருக்கிறது. அது முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கும்போது கால்கள் மரத்துப்போவதும், நடை தளர்வதும், சிறுநீர் கழிக்க முடியாமல் போவதும் நேரும். கடலின் குளிர் நரம்பில் ஏறியதால் வந்தது என்று நம் கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தீங்கானது; குளிர் என்று நினைப்பதால்தான் எண்ணெயும் ஒத்தடமும் முதலில் வருகின்றன, வைத்தியசாலை மூன்றாம் நாள் வருகிறது.

உண்மையில் நடப்பது இது. ஆழத்தில் அமுக்கமான காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசைகளிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை தடவை என்பதற்கேற்ப அந்தச் சேமிப்பு கூடுகிறது. மெதுவாக ஏறினால் அது நுரையீரல் வழியாக அமைதியாக வெளியேறும். விரைவாக ஏறினால், மூடியைத் திறந்த சோடாப் போத்தலில் போல, உடலுக்குள்ளேயே குமிழிகள் எழும். நம் முன்னோர் மூச்சடக்கிச் சங்கும் முத்தும் குளித்த காலத்தில் ஒருவர் நீருக்குள் இருந்தது ஓரிரு நிமிடம். மேற்பரப்பில் இழுத்த ஒரு மூச்சுக் காற்றே அவரிடம் இருந்ததால் இவ்வளவு நைதரசன் சேர வழியில்லை. சிலிண்டர் வந்தபோது அதே மனிதர்கள் அதே ஆழத்தில் அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் நிற்க முடிந்தது. கருவி கரைக்கு வந்து சேர்ந்தது, அதைப் பாவிக்கும் அட்டவணை வந்து சேரவில்லை. எத்தனை சங்கு கொண்டு வந்தார் என்பதை வைத்துக் கூலி கிடைக்கும் ஒருவர், ஒரே நாளில் பல சிலிண்டர்களை முடிப்பதற்காக விரைவாக ஏறி விரைவாக இறங்கினார் என்றால் அதை அவரது கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிப்படியாக நின்று ஏறும் முறையையும் அதற்கான அட்டவணைகளையும் ஜே. எஸ். ஹோல்டேன் என்ற உடற்றொழிலியல் அறிஞர் 1908 இலேயே வெளியிட்டுவிட்டார். அந்த அறிவு சங்கு குளிப்பவரின் வள்ளம்வரை வராமல் போனது எனக்கு இன்றும் வேதனை தரும் விடயம்.

நீங்கள் கற்கப்போகும் விளையாட்டு இந்தச் சேமிப்பைக் கட்டுக்குள் வைப்பதற்காகவே விதிகளால் சூழப்பட்டிருக்கிறது. அறிமுக நாளில் 12 மீற்றர், ஆரம்பச் சான்றிதழுக்கு 18 மீற்றர், அடுத்த நிலைக்கு 30 மீற்றர், பொழுதுபோக்குச் சுழியோட்டம் முழுவதற்கும் 40 மீற்றர் என்பன எல்லைகள். கையில் கட்டியிருக்கும் கணினி ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டபடி இருக்கும். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து, பின்னரே மேலே வர வேண்டும். இவற்றைக் கடைப்பிடிப்பவருக்கு உங்கள் மாமாவுக்கு நேர்ந்தது நேர்வது அரிது, ஆனால் அறவே நேராது என்று எந்த வைத்தியரும் எழுதித் தர முடியாது. ஆகவே அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்: மூட்டுவலி, கை கால் விறைப்பு, தோலில் பளிங்குக் கோடுகள் போன்ற நிறமாற்றம், தலைச்சுற்று, வழக்கத்துக்கு மாறான கடும் களைப்பு. பெரும்பாலும் ஆறு மணித்தியாலத்துக்குள், சில வேளை ஒரு நாள் வரையில் இவை தோன்றலாம். அப்போது செய்ய வேண்டியது, படுக்க வைத்து, தூய ஒட்சிசன் கொடுத்து, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, “இவர் சுழியோடியவர்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்வது. சிலிண்டரில் அடைக்கக்கூடாத அந்தத் தூய ஒட்சிசன், கரையில் இந்த நோய்க்கு முதல் மருந்து. நிரந்தரச் சிகிச்சை, உள்ளே காற்றின் அமுக்கத்தைக் கூட்டக்கூடிய மூடிய அறையான அமுக்க அறையில் நடைபெறும். இலங்கைக் கடற்படையிடம் அந்த வசதி உண்டு. வலி வந்த ஒருவரை மீண்டும் கடலில் இறக்கி ‘சரிப்படுத்தும்’ வழக்கம் சில கரைகளில் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது.

உங்கள் மாமாவைப் பற்றி இன்னொரு வார்த்தை. இத்தனை வருடங்களுக்குப் பின் அமுக்க அறை அவருக்குப் பயன்படாது. எனினும் சிறுநீர்ப்பை முழுமையாக வெறுமையாகிறதா, உணர்ச்சி குறைந்த பாதங்களில் புண் வருகிறதா, இடுப்பும் முதுகும் சரியாகத் தாங்குகின்றனவா என்பதைப் புனர்வாழ்வு மருத்துவப் பிரிவு ஒன்றில் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. சிறுநீர்த் தொற்றும் பாதப்புண்ணும் பெரும்பாலும் தடுக்கக்கூடியவை. அவர் இதுவரை அங்கே சென்றதில்லை என்றால் உங்கள் பரிசோதனைக்கு முன் அவருக்கு ஒரு திகதி வாங்குங்கள்.

மூச்சடக்கிச் சுழியோடினால் ஆபத்துக் குறைவா?

வேறு வகையான ஆபத்து என்பதே சரியான பதில். நீருக்குள் மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது ஒட்சிசன் குறைவதல்ல, காபனீரொட்சைட்டு கூடுவது. இறங்குவதற்கு முன் பலமுறை ஆழமாக இழுத்து விட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறித் தவிப்பு தாமதமாகும், ஒட்சிசனோ அதற்கேற்பக் கூடுவதில்லை. விளைவாக, எந்த எச்சரிக்கையுமின்றி, பெரும்பாலும் மேற்பரப்பை நெருங்கும் கடைசி மீற்றர்களில் நினைவு தப்பும். நல்ல நீச்சல்காரரான இளைஞர்களே இதற்குப் பெரும்பாலும் பலியாகிறார்கள். மூச்சடக்கிச் சுழியோடுவதும் முறையாகக் கற்பிக்கப்படும் விளையாட்டுத்தான். தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள், ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலே கண்காணிக்க வேண்டும், முன்கூட்டி வேகமாக மூச்சு வாங்காதீர்கள்.

எப்போது, எங்கே

ஞாயிறு இறங்கி திங்கள் காலை விமானம் ஏறுவது வேண்டாம். விமானத்தின் உள்ளே அமுக்கம் தரையைவிடக் குறைவு என்பதால், உடலில் எஞ்சியுள்ள நைதரசன் அங்கே குமிழியாகலாம். ஒரு தடவை மாத்திரம் இறங்கியவர் குறைந்தது 12 மணித்தியாலமும், பல தடவை இறங்கியவர் 18 மணித்தியாலமும் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். நான் எல்லோருக்கும் முழுமையாக ஒரு நாள் என்றே சொல்வேன். சுழியோடிய கையோடு மலைநாட்டுக்குப் போவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதை நிலாவெளியில் விடுமுறையை முடித்துக்கொண்டு அங்கே செல்பவர்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை.

டிசம்பரில் திருகோணமலையில் பயிற்சி என்பதும் சரிவராது. வாடைக்காற்றுக் காலத்தில் நம் பக்கக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். மழைவெள்ளம் சுமந்து வரும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கலப்பதால் நீரும் கலங்கும். மே முதல் செப்டெம்பர் வரையே இங்கே உகந்த பருவம். டிசம்பர் விடுமுறையைத் தவறவிட முடியாது என்றால், அப்போது அமைதியாக இருக்கும் தென்மேற்குக் கரையில், ஹிக்கடுவை, உனவட்டுன போன்ற இடங்களில், பயிற்சி பெறலாம். எனது விருப்பம் வேறு: பரிசோதனைகளை இப்போதே முடித்து, பாடங்களையும் தடாகப் பயிற்சியையும் இடைப்பட்ட மாதங்களில் செய்து, மே மாதத்தில் உங்கள் சொந்தக் கடலில் இறங்குங்கள். நீர் 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும் என்பதால் மெல்லிய உடையே போதும். உடல் முழுவதையும் மூடும் உடை எல்லா நிலையங்களிலும் வழக்கம் என்பதை அம்மாவுக்கும் சொல்லலாம். மாதவிடாய் தடையல்ல, கருவுற்றிருந்தால் முழுத்தடை.

தொடக்கத்துக்குப் புறாத்தீவைச் சூழ்ந்த ஆழம் குறைந்த பகுதி பொருத்தமானது. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இடம் அது. பவளத்தைத் தொடுவதும் அதன்மேல் நிற்பதும் எடுத்து வருவதும் கூடாது. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாத புதியவரின் ஒரு காலுதை பல வருட வளர்ச்சியை உடைத்துவிடும். ஆகவே முதலில் மணல் தரையுள்ள இடத்தில் பழகுங்கள். அங்கே காணப்படும் கருநுனிச் சுறாக்கள் மனிதரைக் கண்டு விலகிச் செல்பவை. கோணேசர் கோயில் மலையடிவாரத்தில், 1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரது சுழியோடி நண்பர் மைக் வில்சனும் பழைய ஆலயத்தின் சிதைவுகளைக் கண்ட இடத்துக்குப் போக எல்லோருக்கும் ஆசை இருக்கும். பாறையில் அலை மோதித் திரும்பும் அந்த இடம் சில பருவங்கள் பழகியவருக்கானது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹேர்மஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. அது பொழுதுபோக்கு எல்லைக்கே வெளியே உள்ளது, சிறப்புப் பயிற்சியின்றி எவர் அழைத்தாலும் செல்ல வேண்டாம்.

அம்மாவிடம்

அவருடைய மறுப்பை அறியாமை என்று தள்ளாதீர்கள். தன் சகோதரனின் கால்கள் செயலிழந்ததை அருகிலிருந்து பார்த்தவர் அவர். மாமாவுக்கு நடந்ததன் காரணத்தை இந்தக் கடிதத்திலிருந்து வாசித்துக் காட்டுங்கள், மாமாவும் அருகில் இருந்தால் நல்லது. அவருக்கே அது இதுவரை எவராலும் விளக்கப்படாமல் இருந்திருக்கலாம். பின்னர் பயிற்சி நிலையத்தைத் தெரிவு செய்யப் போகும்போது அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். வள்ளத்தில் ஒட்சிசன் எங்கே வைத்திருக்கிறீர்கள், ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் பயிற்சியாளர் இறங்குவாரா, விபத்து நேர்ந்தால் எந்த வைத்தியசாலைக்கு எவ்வளவு நேரத்தில் கொண்டு செல்வீர்கள் என்று அவரே கேட்கட்டும். தடுமாறாமல் பதில் சொல்லும் நிலையத்தில் சேருங்கள். எந்தச் சுழியோடியும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே “இன்று நான் இறங்கவில்லை” என்று கூறலாம், அதற்காக எவரும் முகம் சுளிக்கக்கூடாது என்பது இந்த விளையாட்டில் உலகெங்கும் ஏற்கப்பட்ட வழக்கம். அந்த வழக்கத்தை மதிக்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பரிடம் இந்த ஞாயிறு வரவில்லை என்று இன்றே சொல்லிவிடுங்கள். சென்னையிலிருந்து திரும்பியதும், சிறு வயதுச் சிகிச்சைப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதையும் நிலையம் தரும் மருத்துவப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குச் செல்லுங்கள். படிவத்தில் தொய்வு பற்றிய கேள்விக்கு நேரே ‘ஆம்’ என்று எழுதி, கடைசியாக இன்ஹேலர் பாவித்த மாதத்தையும் அருகில் குறித்துவிடுங்கள்.